நார்ச்சத்தும் குடல் பாக்டீரியாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் எடுக்கிறேன். வகுப்பாக இருந்தாலும் சரி, சொந்தக்காரர் வீட்டு விசேஷமாக இருந்தாலும் சரி, குடல் பாக்டீரியா என்று பேச்செடுத்தால் போதும், கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எல்லாருக்கும் பயன்படுமே என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. பின்னால் வரும் கேள்விகளுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும் என்பதால் எண் போட்டிருக்கிறேன்.

1. ப்ரீபயாட்டிக், ப்ரோபயாட்டிக் ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?

இல்லை. ப்ரோபயாட்டிக் என்பது உயிருள்ள நுண்ணுயிரி. போதிய அளவில் உள்ளே போனால் உடம்புக்கு நல்லது செய்யும் என்று சோதித்துப் பார்த்த வகை. ப்ரீபயாட்டிக் என்பது ஏற்கெனவே நம் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளுக்குப் போடும் சாப்பாடு. இந்தக் கருத்தை 1995-இல் கிளென் கிப்சனும் மார்செல் ராபர்ஃப்ராய்டும் முன்வைத்தார்கள். அன்று அவர்கள் பேசியது பெருங்குடலில் இருக்கும் சில பாக்டீரியாக்களைப் பற்றி மட்டும்தான். பிறகு வரையறை விரிந்தது. அதை 6-ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

2. நார்ச்சத்து செரிக்காதுன்னு நீங்களே சொல்றீங்க. செரிக்காததைச் சாப்பிட்டு என்ன பிரயோஜனம்?

நம் நொதிகளால் செரிக்காது என்று சொன்னால்தான் சரி. சோற்றில் இருக்கும் மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான், கீரைத் தண்டில் இருக்கும் செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான். ஆனால் கண்ணிகள் கோத்திருக்கும் விதம் வேறு. மாவுச்சத்தின் இணைப்பை எச்சிலிலும் கணையநீரிலும் உள்ள அமிலேஸ் உடைத்துவிடும். செல்லுலோஸின் இணைப்பை உடைக்க மனித உடம்பில் ஒரு நொதிகூடக் கிடையாது. உணவில் வரும் மாவு, சர்க்கரை வகைகளை உடைக்க நம் மரபணுக்கள் தரும் நொதிகளே மொத்தம் 20-க்கும் குறைவு.

அதனால் நார் வயிற்றையும் சிறுகுடலையும் அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிறது. ஒரு மனித உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில்தான் இருக்கிறது. நாம் சாப்பிட்ட சர்க்கரையும் கொழுப்பும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால், அங்கே இருப்பவர்களுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் இந்த நார்தான்.

3. பாக்டீரியாவுக்கு வாயும் இல்லை, பல்லும் இல்லை. அது எப்படி நாரைச் சாப்பிடும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நார் மூலக்கூறு பாக்டீரியாவின் உறைக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. எனவே முதல் வெட்டு வெளியிலேயே நடக்க வேண்டும். வெட்டுகிற கத்தரிக்கோல் நொதி. ஆனால் ஒரு கத்தரிக்கோல் ஒரு வகை இணைப்பைத்தான் வெட்டும். பாக்டீராய்ட்ஸ் தீட்டாயோட்டாமைக்ரான் என்ற குடல் பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுதி 2003-இல் வெளியானது. அதில் சர்க்கரைச் சங்கிலிகளை உடைக்கும் நொதிகள் 200-க்கும் மேல் இருந்தன. நமக்கு 20-கூட இல்லை, கண்ணுக்கே தெரியாத ஓர் உயிருக்கு 200-க்கும் மேல்!

அது மாவுச்சத்தைக் கையாளும் விதத்தைப் பாருங்கள். மேற்பரப்பில் இருக்கும் சில புரதங்கள் மாவுச்சத்துச் சங்கிலியைப் பிடித்து நிறுத்தும். பக்கத்திலேயே ஒரு நொதி அதைச் சிறு துண்டுகளாக வெட்டும். வெட்டிய துண்டு மிதந்து போய்விடாமல் இன்னொரு புரத ஜோடி அதை உறையின் வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு சவ்வுகளுக்கும் நடுவில் உள்ள இடத்தில் வேறு நொதிகள் அதைக் குளுக்கோஸாக உடைக்கும். உள்ளே வரும் துண்டை உணரும் புரதம் ஒன்று, 'சரக்கு வந்திருக்கிறது, இன்னும் நொதி தயாரிக்கலாம்' என்று மரபணுக்களை முடுக்கிவிடும். இதற்கான மரபணுக்கள் எல்லாம் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்து இருக்கின்றன. இப்படி ஒவ்வொரு வகைச் சங்கிலிக்குமாகச் சேர்த்து இந்த ஒரு பாக்டீரியாவிடம் 88 மரபணுத் தொகுப்புகள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

எல்லாப் பாக்டீரியாவும் இப்படி இல்லை. பிஃபிடோபாக்டீரியா வகைகள் பெரும்பாலும் சின்னச் சங்கிலிகளை முழுசாகவே உள்ளே எடுத்து, உள்ளே வைத்து உடைக்கும். ருமினோகாக்கஸ் சாம்பனெலென்சிஸ் என்ற ஒன்று செல்லுலோஸ் இழையோடு ஒட்டிக்கொண்டு, பல நொதிகள் கோத்த ஒரு தொகுதியால் அதை உடைக்கும். காய்கறிகளின் செல்சுவரில் இருக்கும் சைலோகுளூக்கன் என்ற நாரை பாக்டீராய்ட்ஸ் ஓவேட்டஸ் எப்படிப் பிரிக்கிறது என்று 2014-இல் கண்டறிந்தார்கள். ஆய்வகங்களில் இந்தச் சைலோகுளூக்கனைப் பெரும்பாலும் நம் புளியங்கொட்டையிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

4. சரி, அது சாப்பிட்டா அதுக்குத்தானே லாபம்? எனக்கு என்ன கிடைக்கும்?

பெருங்குடலில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அதனால் பாக்டீரியா சர்க்கரையை நம்மைப்போல் முழுதாக எரிக்க முடியாமல் நொதிக்கவைக்கிறது. அப்போது அது வெளியே தள்ளும் கழிவுதான் நமக்கு லாபம்: அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற மூன்று குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள். பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 சதவீதம் பியூட்டிரேட்டிலிருந்து வருகிறது. புரோப்பியோனேட் கல்லீரலுக்குப் போகிறது. அசிட்டேட் ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகிறது. குடலில் அமிலத்தன்மை கூடுவதால் சில நோய்க்கிருமிகளுக்கு அங்கே வளர்வது கஷ்டமாகிறது.

இந்த அமிலங்கள் உண்மையில் என்ன செய்யும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் வேலூர். காலராவில் நச்சு சிறுகுடலைத் தாக்கி, தண்ணீராகப் போகவைக்கிறது. பெருங்குடலுக்கோ இன்னும் நீரை உறிஞ்சும் திறன் இருக்கிறது. குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் அங்கே சோடியத்தை உறிஞ்சவைக்கும், சோடியத்தோடு தண்ணீரும் உள்ளே வரும். அப்படியானால் பெருங்குடல் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு அனுப்பினால் என்ன? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் இதைச் சோதித்து 2000-இல் வெளியிட்டார்கள். காலரா நோயாளிகள் 48 பேர், மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசல். இன்னொன்றுக்கு அதோடு லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு. மூன்றாவதற்கு அதே 50 கிராம், ஆனால் சிறுகுடலில் செரிக்காமல் தப்பும் சோள மாவுச்சத்து. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் பேதி நிற்கச் சராசரியாக 91 மணி நேரம் ஆனது, மூன்றாம் குழுவுக்குச் சுமார் 57 மணி நேரம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு வீட்டில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எதையும் கலக்க வேண்டாம். அந்த ஆய்வு மருத்துவமனைக் கண்காணிப்பில் நடந்தது.

5. நார்னா நார்தானே? எதைச் சாப்பிட்டா என்ன?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறிவிடுகிறார்கள். நார் என்பது ஒரு பொருள் கிடையாது. வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பது ஃப்ரக்டோஸ் கோத்த இனுலின் வகை. கேழ்வரகிலும் கோதுமைத் தவிட்டிலும் அராபினோசைலன். ஓட்ஸ், பார்லியில் பீட்டா குளூக்கன். வெந்தயத்தை ஊறவைத்தால் வரும் வழவழப்பு கேலக்டோமன்னன், கொத்தவரை விதையில் இருப்பதும் அதே இனம்தான். கொய்யாவிலும் ஆரஞ்சுத் தோலிலும் பெக்டின். 3-ஆம் பதிலில் சொன்ன மாதிரி, ஒவ்வொன்றுக்கும் வேறு நொதி வேண்டும். ஆகவே ஒவ்வொன்றையும் சாப்பிடுகிற பாக்டீரியாக் கூட்டமும் வேறு.

பெக்டினிலேயே ஒரு பகுதி இருக்கிறது, ராம்னோகேலக்டுரோனன்-2 என்று பெயர். அதில் 21 வகை இணைப்புகள். தாவரங்களில் தெரிந்த மிகச் சிக்கலான சங்கிலி அதுதான். அந்த 21-இல் 20-ஐத் தீட்டாயோட்டாமைக்ரான் தனியாளாக வெட்டிவிடும் என்று 2017-இல் கண்டார்கள். இதற்கு நேர்மாறு, மரத்தன்மை தரும் லிக்னின். முருங்கைக்காயை மென்று துப்புகிறோமே, அந்தச் சக்கையில் இருப்பது இதுவும் செல்லுலோஸும். லிக்னினைக் குடல் பாக்டீரியாவும் ஏறக்குறைய சீண்டுவதில்லை.

6. அப்போ எல்லா நாரும் ப்ரீபயாட்டிக்னு சொல்லலாமா?

சொல்லக் கூடாது. 2017-இல் வல்லுநர் குழு ஒன்று வரையறையைத் திருத்தியது. அதன்படி, நம்மோடு வாழும் நுண்ணுயிரிகள் தெரிவுசெய்து பயன்படுத்தும் பொருளாக அது இருக்க வேண்டும், அந்தப் பயன்பாட்டால் நமக்கு ஆரோக்கிய நன்மையும் கிடைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ப்ரீபயாட்டிக். இசப்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். மலச்சிக்கலுக்கு நன்றாக உதவுகிறது, ஆனால் பாக்டீரியா அதை மிகக் குறைவாகவே நொதிக்கவைக்கிறது. நீரைப் பிடித்துவைத்துத்தான் அது வேலை செய்கிறது. நல்ல நார்தான், ப்ரீபயாட்டிக் என்று சொல்லப் போதுமான காரணம் இல்லை.

இனுலின், ஃப்ரக்டோ ஒலிகோசாக்கரைடு, கேலக்டோ ஒலிகோசாக்கரைடு (ஒலிகோசாக்கரைடு என்றால் சின்னச் சர்க்கரைச் சங்கிலி) ஆகியவற்றுக்கு மனிதர்களில் செய்த ஆய்வுகளின் சான்று நிறைய இருக்கிறது. அராபினோசைலன், பெக்டின், ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் (4-ஆம் பதிலில் சொன்ன, சிறுகுடலில் செரிக்காமல் தப்பும் மாவுச்சத்து) போன்றவற்றை 'ப்ரீபயாட்டிக் ஆகக்கூடியவை' என்று ஆய்வுக் கட்டுரைகளில் எழுதுவதைப் பார்க்கலாம். சோதனைக் குழாயில் மலப் பாக்டீரியாவோடு கலந்து பார்த்து அமிலம் வந்தால் அது முதல் படி. மனிதர்களுக்குக் கொடுத்து, உடம்பில் நல்ல மாற்றம் வருகிறதா என்று பார்ப்பது கடைசிப் படி. டப்பாவின் மேல் அந்தச் சொல்லை அச்சடிப்பவர்கள் பல நேரம் முதல் படியைத் தாண்டியிருக்க மாட்டார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

7. சுண்டல் சாப்பிட்டா வாயு பிடிச்சுக்குது. அது கெட்டதுதானே?

வாயு, பாக்டீரியா வேலை செய்வதன் அடையாளம். பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ், வெர்பாஸ்கோஸ் என்ற சின்னச் சங்கிலிகள் இருக்கின்றன. இவற்றை உடைக்கத் தேவையான ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் நொதி நம் சிறுகுடலில் இல்லை. அவை பெருங்குடலுக்குப் போய் வேகமாக நொதிக்கின்றன. ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வருகின்றன. சிலரிடம் மெத்தனோபிரெவிபாக்டர் ஸ்மித்தி என்ற நுண்ணுயிரி அந்த ஹைட்ரஜனை மீத்தேனாக மாற்றிவிடும்.

இந்தச் சங்கிலிகள் தண்ணீரில் கரையும். கொண்டைக்கடலையை ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் ஒரு பகுதி குறையும். முளைகட்டினால், விதையே தன் நொதியால் அவற்றைச் செலவழித்துவிடும். பழக்கமில்லாதவர்கள் ஒரு கரண்டியில் ஆரம்பித்து மெல்லக் கூட்டினால் பெரும்பாலும் வயிறு பழகிக்கொள்கிறது.

8. பழைய சோத்துல ப்ரீபயாட்டிக் இருக்குன்னு வாட்ஸ்ஆப்ல வருதே, நிஜமா?

பாதி நிஜம், அளவைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வேகும்போது பிரிந்த மாவுச்சத்துச் சங்கிலிகள் சோறு ஆறும்போது மறுபடி நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. அந்த இடங்களை அமிலேஸால் எளிதில் வெட்ட முடியாது. வேலூர் ஆய்வில் கொடுத்தது மாதிரியே செரிக்காமல் தப்பும் மாவுச்சத்து சோற்றில் இப்படி உருவாகிறது. ஆனால் சுடுசோற்றில் 100 கிராமுக்கு 1 கிராமுக்கும் குறைவாக இருப்பது, ஒரு நாள் குளிரவைத்தால் 1 முதல் 2 கிராம் வரை ஆகும். அவ்வளவுதான். மறுபடி சூடாக்கினால் கொஞ்சம் போகும், முழுக்கப் போய்விடாது.

பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பதால் லாக்டிக் அமில பாக்டீரியா வளர்ந்து புளிக்கிறது, அது தனி நன்மை. அதோடு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டால் இனுலின் வகை நாரும் சேர்கிறது. தண்ணீர் ஊற்றாமல் வெளியில் கிடந்த சோறு வேறு விஷயம். அதில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளர்ந்து நச்சை உண்டாக்கலாம். அந்த நச்சு சூடாக்கினாலும் போகாது.

9. நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரே சாப்பாடுதான். எனக்கு ஒரு மாதிரி, அவருக்கு வேற மாதிரி இருக்கே?

இருவர் குடலிலும் இருப்பவர்கள் ஒரே ஆட்கள் இல்லை. ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச்சை எடுத்துக்கொள்வோம். அதை முதலில் கடித்துத் திறந்துவிடுவது ருமினோகாக்கஸ் ப்ரோமி. அது திறந்துவிட்ட பிறகுதான் மற்றவை சாப்பிட முடிகிறது. 14 ஆண்களுக்கு இந்த மாவுச்சத்தைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், 2 பேரிடம் மட்டும் பெரும்பகுதி நொதிக்காமலே வெளியேறியது. அந்த 2 பேரிடமும் ப்ரோமி மிகக் குறைவாக இருந்தது. திறந்துவிடுகிற ஆள் இல்லையென்றால் சாப்பாடு இருந்தும் பயனில்லை.

ஒருவர் மிச்சம் வைத்ததை இன்னொருவர் சாப்பிடுவதும் உண்டு. பிஃபிடோபாக்டீரியா பியூட்டிரேட் தயாரிக்காது. அது வெளியிடும் அசிட்டேட்டையும் லாக்டேட்டையும் எடுத்து ஃபீக்கலிபாக்டீரியம், அனேரோஸ்டைப்ஸ் போன்றவை பியூட்டிரேட் ஆக்குகின்றன. இந்தத் தொடர்ச்சி ஆளுக்கு ஆள் மாறும். ஊருக்கு ஊரும் மாறும். ஜப்பானியர் சாப்பிடும் நோரிப் பாசியின் போர்ஃபிரன் நாரை உடைக்கும் மரபணு, கடல் பாக்டீரியாவிடமிருந்து அவர்களின் குடல் பாக்டீரியாவுக்குத் தாவியிருப்பதை 2010-இல் கண்டறிந்தார்கள். அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்த்த வட அமெரிக்கர்களிடம் அது இல்லை.

10. நார் சாப்பிடலேன்னா பாக்டீரியா பட்டினி கிடந்து செத்துடுமா?

சில குறையும். சில வேறு சாப்பாடு தேடும். நம் குடல் சுவரின் மேல் சளிப்படலம் இருக்கிறது, அதன் புரதத்திலும் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. மனிதக் குடலின் 14 பாக்டீரியா வகைகளை மட்டும் எலிகளில் குடிவைத்து, நாரே இல்லாத தீவனம் கொடுத்த ஆய்வு 2016-இல் வந்தது. அக்கெர்மான்சியா மியூசினிஃபிலா போன்ற சளி தின்னும் வகைகள் பெருகின, சளிப்படலம் மெலிந்தது, எலிகளின் குடலைத் தாக்கும் கிருமியைக் கொடுத்தபோது நோய் கடுமையாக வந்தது. எலியில் கண்டது மனிதரில் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வெள்ளைச் சோறும் ரசமும் மட்டுமே சாப்பிட்டுக் காலம் தள்ளும் பெரியவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வருகிறது. ஒரு கரண்டி கூட்டாவது சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

11. பழத்தை ஜூஸா குடிக்கிறோமே, அதுல நார் இருக்காதா?

வடிகட்டினால் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். வடிகட்டாமல் அரைத்தால் நார் இருக்கும். ஆனால் செல்சுவர்கள் உடைந்துவிடுவதால் சர்க்கரை சீக்கிரம் ரத்தத்தில் ஏறும். பல் இருக்கும்வரை கொய்யாவைக் கடித்தே சாப்பிடுங்கள்.

12. இனுலின் பவுடர் வாங்கிக் கலந்து குடிச்சா போதாதா?

சிக்கரி வேரிலிருந்து எடுத்த இனுலினை நாளுக்கு 12 கிராம் எடுத்துக்கொண்டால் மலம் கழிப்பது சீராகும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் ஏற்றுக்கொண்டது. பிஃபிடோபாக்டீரியா கூடுவதும் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆகவே ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அது ஒரே வகை நார். 5-ஆம் பதிலை நினைத்துப் பாருங்கள், பந்தியில் ஒரு கூட்டத்துக்கு மட்டும்தான் பரிமாறுகிறீர்கள். எடுத்த எடுப்பில் அதிகம் குடித்தால் வயிறு உப்பும். ரெண்டு வகைப் பயறு, ஒரு கீரை, கேழ்வரகு, வெங்காயம் என்று மாற்றி மாற்றிச் சமைத்தால் செலவும் குறைவு, கூட்டமும் பெரிது.

13. எனக்கு ஐ.பி.எஸ். இருக்கு. டாக்டர் வெங்காயம், பூண்டையே குறைக்கச் சொல்றார். நீங்க சாப்பிடச் சொல்றீங்க?

ஐ.பி.எஸ். என்பது அடிக்கடி வயிற்றுவலியும் மலப்போக்கில் மாற்றமும் தரும் குடல் கோளாறு. டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். வேகமாக நொதிக்கும் சின்னச் சங்கிலிகள் நீரை இழுத்து, வாயுவைக் கிளப்பி, உணர்ச்சி கூடிய குடலில் வலி தரும். இவற்றைக் குறைக்கும் ஃபாட்மேப் உணவு முறையை மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கினார்கள். அந்த முறையில் சில வாரம் குறைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். பலர் முதல் பாதியைச் செய்துவிட்டு வருஷக்கணக்கில் அப்படியே இருந்துவிடுகிறார்கள். அப்படி இருந்தால் பிஃபிடோபாக்டீரியா குறையும். திரும்பச் சேர்ப்பது எப்போது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

14. கைக்குழந்தைக்கு நாரே கிடையாது. அதோட குடல் பாக்டீரியா எதைச் சாப்பிடும்?

தாய்ப்பாலையே! லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாகத் தாய்ப்பாலில் அதிகம் இருக்கும் திடப்பொருள் ஒலிகோசாக்கரைடுகள். 150-க்கும் மேற்பட்ட வடிவங்கள், குழந்தையால் ஒன்றையும் செரிக்க முடியாது. பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் என்ற வகை இவற்றை அப்படியே உள்ளே எடுத்துக்கொள்ளும். தாய் தன் உடம்பின் சத்தைச் செலவழித்துக் குழந்தைக்காக மட்டுமல்லாமல், குழந்தையின் பாக்டீரியாவுக்காகவும் பால் சுரக்கிறாள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று மருத்துவர்கள் வலியுறுத்த இதுவும் ஒரு காரணம்.

15. நார்ச்சத்தைக் கூட்டியும் மல டெஸ்ட்ல பாக்டீரியா வகைகள் கூடலையே. அப்போ நீங்க சொன்னதெல்லாம்?

நியாயமான கேள்வி. ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. ஒரு குழு நாரை நாளுக்குச் சுமார் 22 கிராமிலிருந்து 45 கிராமாகக் கூட்டியது. இன்னொரு குழு தயிர் போன்ற புளித்த உணவுகளைக் கூட்டியது. வகைகளின் எண்ணிக்கை புளித்த உணவுக் குழுவில்தான் கூடியது. நார்க் குழுவில் சராசரியாகக் கூடவில்லை, ஆனால் நாரை உடைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் அதிகரித்தன. இருக்கிற ஆட்கள் வேலையைக் கூட்டினார்கள், புது ஆட்கள் வரவில்லை. 9-ஆம் பதிலில் சொன்ன மாதிரி, ஏற்கெனவே காணாமல் போன வகை நார் கொடுத்த மாத்திரத்தில் திரும்ப வந்துவிடாது.

அதனால் டெஸ்டில் வரும் ஒற்றை எண்ணை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார் சொல்கிறது. தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு 3 கிராம்கூட இல்லை, கேழ்வரகில் சுமார் 11 கிராம், தோலோடு கூடிய கொண்டைக்கடலையில் சுமார் 25 கிராம். இவை வேகவைக்காத தானியத்தின் கணக்கு. வாரத்துக்கு ஒரு பொருளாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், தண்ணீரும் கூடக் குடியுங்கள், பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிர் வையுங்கள்.